வளாகத்தின் விளிம்பில் ஒரு வீடு



சமயமும் உயர்கல்வியும் என்ற எல்லைக்குள் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பேசலாம் என்று இந்த உரைக்கு அழைத்த அறக்கட்டளைக் குழுவினர் எனக்கு உரிமை தந்தார்கள். நம்மிடையே அதிகம் பேசப்படாத சில சிறிய அமைப்புகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகங்களையும் சமயச் சார்பற்ற தனியார் பல்கலைக்கழகங்களையும் ஒட்டிக் கடந்த அரை நூற்றாண்டில் முளைத்திருக்கும் கிறிஸ்தவ ஆய்வு மையங்கள்தாம் அவை. அவற்றைத் திருச்சபை என்றும் சொல்ல முடியாது, இறையியல் கல்லூரி என்றும் சொல்ல முடியாது. பெரும்பாலானவை பட்டம் எதுவும் தருவதில்லை. வளாகத்துக்கு வெளியே, நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு இருக்கும். அதில் ஒரு நூலகம், கற்றறிந்த இரண்டு மூன்று பேர், வாரந்தோறும் கூடுகிற வாசிப்பு வட்டங்கள், எப்போதும் சூடாக இருக்கிற காபி. அவ்வளவுதான்.

சமயம் பல்கலைக்கழகத்துக்குள் அதிகாரத்தோடு உட்கார்ந்தால் இரண்டுமே கெடுகின்றன. பல்கலைக்கழகத்தைப் பகைவன் வீடாக நினைத்துச் சமயம் ஒதுங்கிப் போனாலும் இரண்டுமே கெடுகின்றன. கையில் அதிகாரம் இல்லாமல், ஆனால் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் சமயம் குடியிருக்கும்போது இரண்டுக்கும் நன்மை உண்டு. இந்த ஒன்றைச் சொல்வதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

கதை தொடங்குவது வர்ஜீனியா மாநிலத்தில், வர்ஜீனியா பல்கலைக்கழகம் இருக்கும் சார்லட்ஸ்வில் என்ற ஊரில். தம் கல்லறையில் மூன்று செய்திகளை மட்டும் பொறிக்க வேண்டும் என்று தாமஸ் ஜெஃபர்சன் எழுதிவைத்துப் போனார். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், வர்ஜீனியாவின் சமயச் சுதந்திரச் சட்டத்தை எழுதியவர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தந்தை. இரண்டு முறை நாட்டின் தலைவராக இருந்ததை அவர் குறிப்பிடவில்லை. பின்னிரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு கொள்கை தெரியும். சட்டம் 1786இல் நிறைவேறியது. பல்கலைக்கழகம் 1819இல் நிறுவப்பட்டு 1825இல் மாணவர்களுக்குத் திறக்கப்பட்டது. ஹார்வர்டும் யேலும் போதகர்களைப் பயிற்றுவிக்கும் நோக்கத்தோடு பிறந்தவை. ஜெஃபர்சனின் பல்கலைக்கழகத்திலோ இறையியலுக்குப் பேராசிரியர் பதவியே கிடையாது. வளாகத்தின் நடுவில், வேறொரு கல்லூரியில் ஆலயம் நின்றிருக்கக்கூடிய இடத்தில், ரோமின் பாந்தியனைப் பார்த்து வடிவமைத்த குவிமாடக் கட்டடத்தில் நூலகத்தை வைத்தார். அந்தச் செங்கல் சுவர்களை எழுப்பியவர்களில் பெரும்பகுதியினர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். சுதந்திரத்தைப் பற்றி அந்த மண்ணில் நின்று பேசும் எவரும் அதைச் சொல்லாமல் நகரக் கூடாது.

முதல் பேராசிரியராக ஜெஃபர்சன் தேர்ந்தெடுத்தவர் தாமஸ் கூப்பர் என்ற வேதியியல் அறிஞர். கூப்பரின் சமயக் கருத்துகள் பிரஸ்பிட்டேரியன் போதகர்களுக்குப் பிடிக்கவில்லை. எதிர்ப்பு வலுத்தது. ஒரு வகுப்புகூட எடுக்காமல் 1820இல் கூப்பர் விலகினார். கடவுள் இல்லாத பல்கலைக்கழகம் என்ற பழி மாநிலமெங்கும் பரவியது. அந்தச் சூழ்நிலையில், 1822 நவம்பரில், அதே கூப்பருக்கு எழுதிய கடிதத்தில் ஜெஃபர்சன் ஒரு வழி சொல்கிறார். ஒவ்வொரு சமயப் பிரிவும் பல்கலைக்கழகத்தின் எல்லையை ஒட்டித் தன் செலவில் ஒரு பள்ளியை அமைத்துக்கொள்ளட்டும். அதன் மாணவர்கள் நம் வகுப்புகளில் உட்காரட்டும், நம் நூலகத்தைப் பயன்படுத்தட்டும். ஆனால் அவர்கள் நம்மைச் சார்ந்தும் இருக்கக் கூடாது, ஒருவரை ஒருவர் சார்ந்தும் இருக்கக் கூடாது. இப்படி அருகருகே பழகினால் பிரிவுகளுக்கிடையிலான கடுமை தணியும் என்பது அவர் நம்பிக்கை. பழிக்குப் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடியும் அவருக்கு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. என்றாலும் நெருக்கடியில் பிறந்த அந்த யோசனை நெருக்கடியைவிடப் பெரியது. அவர் காலத்தில் எந்தச் சபையும் அந்த அழைப்பை ஏற்றுக் கட்டடம் எழுப்பவில்லை.

1970களின் நடுப்பகுதியில் அதே வளாகத்தை ஒட்டிய சான்சலர் தெருவில், மாணவர்களிடையே நடந்துவந்த கிறிஸ்தவப் பணியிலிருந்து வளர்ந்த ஒரு குழு, ஒரு பழைய வீட்டில் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கியது. ஒன்றரை நூற்றாண்டு தாமதமாக, ஜெஃபர்சன் சுட்டிய அதே விளிம்பில். பல்கலைக்கழகத்தின் பணமும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை.

இடைப்பட்ட காலத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருச்சபையின் பிடியிலிருந்து விலகின. அந்த மாற்றத்தின் முகமாக நிற்பது 1865இல் உருவான கார்னெல் பல்கலைக்கழகம். அதன் முதல் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட், அறிவியலுக்கும் இறையியலுக்கும் இடையே நடந்த போரின் வரலாறு என்று இரண்டு தொகுதிகளில் 1896இல் ஒரு பெரும் நூல் வெளியிட்டார். சமயத்தை நான் எதிர்க்கவில்லை, அதிகாரம் செலுத்தும் இறையியலைத்தான் எதிர்க்கிறேன் என்று அவர் பிரித்துச் சொன்னார். படித்தவர்கள் மனத்தில் தங்கியதோ போர் என்ற படம்தான். இன்றைய அறிவியல் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் அந்தப் படத்தைக் கைவிட்டுவிட்டார்கள். பொதுமனத்தில் அது இன்னும் ஆணியடித்து நிற்கிறது, நம் ஊரிலும்தான். கிறிஸ்தவர்களின் பங்கும் இதில் சிறியதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிசேஷ சபைகள் பல, பல்கலைக்கழகத்தை விசுவாசம் தொலைகிற இடமாகக் கருதி, பிள்ளைகளைத் தனி வேதாகமப் பள்ளிகளுக்கு அனுப்பின. அந்த ஒதுங்கலின் விலையை 1994இல் வரலாற்றாசிரியர் மார்க் நோல் ஒரு நூலாகவே எழுதினார். அமெரிக்கச் சுவிசேஷக் கிறிஸ்தவம் சிந்திக்கும் பழக்கத்தைக் கைவிட்டது ஓர் இழுக்கு என்று வெளியாரல்ல, உள்ளே நிற்கும் ஒருவரே எழுதினார். அதனால்தான் அந்தக் குரலுக்குக் கனம் அதிகம்.

அதற்கு முன்பே இரண்டு பேர் வேறு வழி காட்டியிருந்தார்கள். ஒருவர் பிரான்சிஸ் ஷேஃபர் என்ற அமெரிக்கப் போதகர். 1955இல் தம் மனைவி ஈடித்தோடு சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் ஹுயெமோ என்ற கிராமத்தில் லாப்ரி என்ற இல்லத்தைத் தொடங்கினார். மகளின் கல்லூரித் தோழர்கள் வார இறுதியில் வந்தார்கள். பிறகு முதுகில் மூட்டையோடு ஐரோப்பாவைச் சுற்றிய இளைஞர்கள் வந்தார்கள். சார்த்தர், காம்யு ஆகியோரின் எழுத்துகள், பெர்க்மனின் திரைப்படங்கள் என்று இளைஞர்கள் எதைக் கொண்டுவந்தாலும் ஷேஃபர் அதைப் பற்றியே பேசினார். எந்தக் கேள்விக்கும் முகம் சுளிக்கவில்லை. அவருடைய தத்துவ வரலாறு கரடுமுரடானது என்று துறை அறிஞர்கள் குறை சொன்னார்கள். அந்தக் குறை நியாயமானது. பிற்காலத்தில் அவர் கட்சி அரசியலின் பக்கம் சாய்ந்ததும் எனக்கு வருத்தம் தருவது. ஆனாலும் ஈடித் சமைத்த உணவு மேசையைச் சுற்றி நடந்த அந்த உரையாடல்கள் ஒரு தலைமுறைக்குத் தைரியம் கொடுத்தன.

மற்றவர் ஜேம்ஸ் ஹூஸ்டன், ஆக்ஸ்ஃபோர்டில் புவியியல் கற்பித்தவர். உறுதியான பதவியை விட்டுவிட்டு 1970இல் கனடாவின் வான்கூவருக்குப் போய், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய ரீஜென்ட் கல்லூரியின் முதல் தலைவரானார். போதகர் ஆகப் போகிறவர்களுக்காக அவர் அதை எண்ணவில்லை. மருத்துவர், பொறியாளர், பள்ளி ஆசிரியர் ஆகியோர் தம் தொழிலைப் பற்றிக் கிறிஸ்தவ நோக்கில் ஓராண்டு ஆழ்ந்து படித்துவிட்டு அதே தொழிலுக்குத் திரும்ப வேண்டும் என்பது திட்டம். எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் மிகுந்த மதிப்பு உண்டு. இறையியலைத் தொழில்முறைப் போதகர்களின் கையிலிருந்து எடுத்து எல்லோருக்கும் உரியதாக்குவது எளிய காரியமல்ல.

ஷேஃபரிடமும் ஹூஸ்டனிடமும் பயின்றவர்கள் பலர் அமெரிக்காவுக்குத் திரும்பி இதுபோல ஒன்றைக் கட்ட முயன்றார்கள். 1977இல் பெர்க்லியில் பட்டம் வழங்கும் கல்லூரியாகவே ஒன்று எழுந்தது. பணமும் மாணவர் எண்ணிக்கையும் கைகொடுக்காமல் அது தன் கனவைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நிலைத்ததும் பரவியதும் சார்லட்ஸ்வில்லின் எளிய வடிவம்தான். பாடமும் பட்டமும் பல்கலைக்கழகத்தின் வேலை, கேள்விகளுக்கு இடம் கொடுப்பது எங்கள் வேலை என்கிற வடிவம். 2000இல் கார்னெலை ஒட்டிச் செஸ்டர்டன் இல்லம் தோன்றியது. ஒயிட்டின் பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே, அறிவியலும் விசுவாசமும் என்ற தலைப்பில் கூட்டம் நடத்துகிற வீடு. அதே காலத்தில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் எதிரில் கெயின்ஸ்வில்லில் ஒரு மையம் தொடங்கியது. அதன் காபிக்கடைக்குக் கணித மேதையும் கிறிஸ்தவச் சிந்தனையாளருமான பாஸ்கலின் பெயர். கடைக்கு வருகிறவர்களில் பலருக்கு அது கிறிஸ்தவ மையத்தின் கடை என்பதே முதலில் தெரியாமல் இருக்கலாம், அதில் தவறில்லை. இன்று இத்தகைய முப்பதுக்கும் மேற்பட்ட மையங்கள் ஒரு கூட்டமைப்பாக இணைந்திருக்கின்றன.

பல்கலைக்கழகங்களிலேயே சமயவியல் துறைகள் இருக்கும்போது இவை எதற்கு என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் வழிபாடாக வேதாகமம் வாசிப்பதைத் தடுத்தது. அதே தீர்ப்பில், சமயத்தை ஒரு பாடமாகப் பக்கச் சார்பின்றிக் கற்பிப்பதற்குத் தடையில்லை என்றும் சொன்னது. அதன்பின் அரசுப் பல்கலைக்கழகங்களில் சமயவியல் துறைகள் பெருகின. அவை மதிப்புக்குரியவை. நான்காம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் திரித்துவத்தைப் பற்றி என்ன வாதிட்டார்கள் என்று அங்கே மிகத் துல்லியமாகக் கற்கலாம். ஆனால், ‘அது உண்மையா? உண்மையென்றால் நான் எப்படி வாழ வேண்டும்?’ என்று ஒரு மாணவி கேட்டால், வகுப்பறை அந்தக் கேள்வியை ஏற்க முடியாது. ஏற்கவும் கூடாது, அரசின் சம்பளத்தில் நிற்கிற ஆசிரியர் அதற்குப் பதில் சொன்னால் அது மற்ற மாணவர்களுக்கு அநீதி. அதே கேள்வியை ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கேட்டால் பெரும்பாலும் ஜெபிக்கச் சொல்வார்கள். மூலக்கூறு உயிரியல் படிக்கிற மாணவிக்கு ஜெபமும் வேண்டும், வாசிப்பதற்கு ஒரு நூலும் வேண்டும், அந்த நூலை மறுத்து எழுதப்பட்ட இன்னொரு நூலும் வேண்டும். அந்த மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கிற இடம்தான் இந்த மையம்.

அதிகாரத்துக்கும் விளிம்புக்கும் உள்ள வேறுபாட்டை வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலேயே எழுந்த ஒரு வழக்கும் காட்டியது. மாணவர் கட்டணத்திலிருந்து மற்ற மாணவர் இதழ்களுக்கு அச்சுச் செலவு தந்த பல்கலைக்கழகம், கிறிஸ்தவ மாணவர்கள் நடத்திய ஓர் இதழுக்கு மட்டும் மறுத்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் மாணவர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த மாணவர்களின் உரிமையை நான் ஆதரிக்கிறேன். ஆயினும் ஒரு பணியை நிதியுரிமையின் மேல் கட்டுவதைவிட விருந்தோம்பலின் மேல் கட்டுவது நீடிக்கும் என்பது என் எண்ணம். வழக்கில் வென்றவர்களைச் சகமாணவர்கள் எதிர்த்தரப்பாகவே பார்ப்பார்கள். தேர்வு வாரத்தில் நள்ளிரவு வரை விளக்கெரியவிட்டு, எந்த மதத்துப் பிள்ளை வந்தாலும் உட்கார்ந்து படிக்க மேசை தருகிற வீட்டை யாரும் எதிர்த்தரப்பாகப் பார்ப்பதில்லை.

இத்தகைய இடத்துக்கு ஒரு சோதனை உண்டு. தன் கருத்து தோற்பதற்கும் அங்கே இடம் இருக்கிறதா? ஆக்ஸ்ஃபோர்டில் 1942 தொடக்கத்தில் ஸ்டெல்லா ஆல்ட்விங்கிள் என்ற பெண்மணியின் முயற்சியால் சாக்ரட்டீஸ் மன்றம் கூடத் தொடங்கியது. கிறிஸ்தவத்துக்கு ஆதரவாக ஒருவர் பேசினால் எதிர்ப்பவர் பதில் சொல்வார், எதிர்ப்பவர் பேசினால் ஆதரிப்பவர் பதில் சொல்வார். கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1954 வரை அதன் தலைவர். 1948 பிப்ரவரியில் ஒரு நாள், எலிசபெத் ஆன்ஸ்கம் என்ற இருபத்தெட்டு வயதுத் தத்துவவாதி, அற்புதங்கள் பற்றிய லூயிஸின் நூலில் மூன்றாம் அத்தியாயத்தின் வாதம் நிற்காது என்று அவர் முன்னாலேயே காட்டினார். பகுத்தறிவுக்கு முரணான காரணத்தையும், பகுத்தறிவோடு தொடர்பே இல்லாத இயற்கைக் காரணத்தையும் லூயிஸ் குழப்பிக்கொண்டார் என்பது அவர் குற்றச்சாட்டு. ஆன்ஸ்கமும் கத்தோலிக்க விசுவாசிதான். கடவுளை நம்புகிறவர் என்பதற்காகப் பழுதான வாதத்தை அவர் விட்டுவிடவில்லை. லூயிஸ் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதி 1960 பதிப்பில் வெளியிட்டார். அந்தத் திருத்தம் லூயிஸின் நேர்மைக்குச் சான்று என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆன்ஸ்கமே எழுதினார். இந்த நிகழ்ச்சியைக் கிறிஸ்தவர்கள் சிலர் ஒரு தோல்வியாகச் சங்கடத்தோடு சொல்கிறார்கள். அந்த மன்றம் நடந்த ஆண்டுகளில் அதன் மிகச் சிறந்த மாலை அதுதான் என்று நான் கருதுகிறேன்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எல்லா மையங்களும் தேறா. சில இடங்கள் வளாகத்தின் கேள்விகளிலிருந்து ஒளிந்துகொள்கிற கூடாரமாகிவிடுகின்றன. ஏற்கெனவே ஒத்த கருத்துடையவர்கள் கூடி ஒத்த நூல்களை வாசிக்கிறார்கள். இன்னொரு ஆபத்து பணம். பல்கலைக்கழகத்திடம் கைநீட்டாததால் வருகிற சுதந்திரத்துக்கு விலை, நன்கொடையாளரைச் சார்ந்திருப்பது. நன்கொடை தருகிற செல்வர்கள் பலருக்குப் பல்கலைக்கழகத்தின் மேல் அரசியல் சார்ந்த சினம் உண்டு. தங்கள் பணம் அந்தச் சினத்துக்குப் படைக்கலமாக வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் உண்டு. ‘எங்கள் பிள்ளைகளைப் பேராசிரியர்களிடமிருந்து காப்பாற்றுங்கள்’ என்று கேட்டு வருகிற பணத்தை மறுக்கத் தெரியாத மையம், பல்கலைக்கழகத்தை நேசிக்கிறேன் என்று சொல்ல உரிமையற்றது. பேராசிரியர்கள் அந்த வீட்டுக்குப் பகல் உணவுக்கு வருகிறார்களா என்று பாருங்கள். நான் வேறு கணக்கு கேட்க மாட்டேன்.

இந்த மையங்களின் அலமாரிகளில் தமிழ்நாட்டுக்கு நெருக்கமான ஒரு பெயர் இருக்கிறது, லெஸ்லி நியூபிகின். 1936இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரியாக வந்து, தமிழ் கற்று, காஞ்சிபுரத்தில் பணியாற்றியவர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை-இராமநாதபுரம் பேராயரானார். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர். ஓய்வுபெற்று இங்கிலாந்துக்குத் திரும்பியபோது, சென்னையைவிடக் கடினமான பணிக்களம் தம் சொந்த நாடுதான் என்று கண்டுகொண்டார். அதைப் பற்றி அவர் எழுதியவற்றுள் முக்கியமானது, பன்மைச் சமுதாயத்தில் நற்செய்தி என்னும் பொருளில் 1989இல் வெளிவந்த நூல். மைக்கேல் போலானி என்ற வேதியியலாளர்-தத்துவவாதியின் துணையோடு அவர் அதில் சொல்வது: எந்த அறிவும், அறிவியல் அறிவும்கூட, ஒரு மரபை நம்பி அதில் கால் ஊன்றுவதில்தான் தொடங்குகிறது. ஆகவே சமயச் சார்பற்ற பல்கலைக்கழகமும் சில நம்பிக்கைகளின் மேல்தான் நிற்கிறது. அந்த நம்பிக்கைகளும் உரையாடலுக்கு வர வேண்டும்.

இந்தச் சிந்தனை அவருக்குக் காஞ்சிபுரத்திலேயே பயிற்சியானது என்று நான் நம்புகிறேன். அங்கே இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு வாரந்தோறும் மாலையில் தரையில் உட்கார்ந்து, ஒரு வாரம் சுவேதாஸ்வதர உபநிடதம், மறுவாரம் யோவான் நற்செய்தி என்று மாறி மாறி வாசித்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். அந்த மடத்தில் அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. அங்கே அவர் விருந்தாளி. தம் நம்பிக்கையையும் அவர் வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லை.

நம் பல்கலைக்கழகங்களுக்கு வருகிறேன். முழுவதும் அரசு நிதியில் நடக்கிற கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. அது சரியான விதி. பல மதத்தவர் வாழ்கிற நாட்டில் சிறுபான்மையினருக்கு அதைவிடப் பெரிய காவல் இல்லை. ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, விடுதலைக்குப் பின் முதல் ஆண்டுகளிலேயே, போதனை வேறு, சமயங்களைப் பற்றிய படிப்பு வேறு என்று பிரித்து, பின்னதை ஆதரித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகியவற்றுக்குத் துறைகளும் மையங்களும் இருக்கின்றன. பொறியியல் மாணவனும் மருத்துவ மாணவியும் அந்த வாசல்களை மிதிப்பதில்லை. கிறிஸ்தவ மாணவர் இயக்கங்கள் நம்மிடம் குறைவில்லை. ஜெபக் குழுக்களையும் சமூகப் பணியையும் அவை உண்மையோடு நடத்துகின்றன. எனக்குத் தெரிகிற குறை வாசிப்பில்தான். விடுதி அறையில் இரவு பதினொரு மணிக்குப் பரிணாமத்தைப் பற்றி, சாதியைப் பற்றி, ஆலயத்துக்குள்ளேயே நிற்கிற சாதியைப் பற்றி எழுகிற கேள்விகளுக்கு உட்கார்ந்து படிக்க ஓர் இடம் இல்லை. அமெரிக்க மையங்கள் சாதியைப் பற்றி எதுவும் சொல்லித்தர முடியாது. அது நாமே எழுத வேண்டிய பாடம், நம் திருச்சபைகள் தவிர்த்துவருகிற பாடமும்கூட.

ஆகவே இங்கே அமர்ந்திருக்கிற, கொடுக்கும் வசதியும் மனமும் உள்ளவர்களிடம் கேட்கிறேன். ஏதாவது ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு அருகில் ஒரு வாடகை வீடு எடுங்கள். கூடத்தில் பெரிய மேசை, இரவு பத்து மணிக்குப் பூட்டாத கதவு, எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும், மதமே வேண்டாம் என்கிற பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரியான தேநீர். முதல் ஆண்டு வாசிப்புக்கு யோவான் நற்செய்தி, சுவேதாஸ்வதரம், போலானி, திருவாசகம். திருவாசகத்தை 1900இல் ஆங்கிலமாக்கிய ஜி. யு. போப் ஒரு மிஷனரி என்பதால் அவர் மொழிபெயர்ப்பும் மேசையில் இருக்கட்டும், அதைக் குறைகூறுகிற சைவ அறிஞரும் உடன் இருக்கட்டும். நன்கொடை தருகிறவர் யாரை அழைப்பது, யாரை விடுவது என்பதில் கைவைக்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். முதல் கூட்டத்துக்கு, பக்கத்து இயற்பியல் துறையிலிருந்து கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு பேராசிரியரை, நியூபிகினின் நூலை மறுத்துப் பேச அழையுங்கள். அவருக்குப் பதில் சொல்ல, அந்த நூலைக் கரைத்துக் குடித்த ஓர் ஆய்வு மாணவி போதும்.